பத்துப் பேரும் பழவேற்காடும்

அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் காலையில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லட்டுமா? எட்டு மணிக்குள் மூன்று சண்டைகள் நடந்து முடிந்திருக்கும். ஒரு தலையணை கிழிந்திருக்கும். "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும். வீட்டுக்கு உடையவர் பத்திரிகையை முகத்துக்கு நேரே இன்னும் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துத் தப்பித்துக்கொள்ளும் சலுகை, பத்திரிகையில் வேலை செய்கிறவனுக்குக் கிடையாது. "ஊரெல்லாம் சுற்றி எழுதுகிறீர்களே, பெற்ற பிள்ளைகளுக்கு ஓர் ஊரைக் காட்டக் கூடாதா?" என்றாள் என் மனைவி. அத்துடன் போயிருந்தால் சமாளித்திருப்பேன். அன்று மாலையே மைத்துனர் தம் மனைவியுடனும் இரண்டு குழந்தைகளுடனும் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினார். அதற்கு முன்தினந்தான் பினாங்கிலிருந்து என் பெரியப்பா வந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. என் அம்மாவையும் எங்கள் இரு குழந்தைகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். பத்துப் பேர்! இத்தனை பேரை மலை வாசஸ்தலத்துக்கு அழைத்துப் போனால் தை மாதச் சம்பளத்தை மார்கழியிலேயே மறந்துவிட வேண்டியதுதான்.

"பழவேற்காடு" என்றேன். காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். சென்னையிலிருந்து வடக்கே 60 கிலோமீட்டருக்குள்தான். ஏரி உண்டு, கடல் உண்டு, பறவை உண்டு.

"படகு உண்டா?" என்றான் என் மகன். எட்டு வயது.

"பார்க்கலாம்" என்றேன். குழந்தைகளிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏழு பைகளும் ஒரு ஜன்னலும்

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலைப் பிடித்தோம். பத்துப் பேர், ஏழு பைகள், ஒரு கூஜா. கூஜா அம்மாவுடையது. பிளாஸ்டிக் புட்டியில் வரும் தண்ணீரை அவர் தண்ணீராகவே ஒப்புக்கொள்வதில்லை. நான்கு குழந்தைகளுக்கும் ஜன்னல் ஓரம் வேண்டும். கிடைத்ததோ ஒரே ஒரு ஜன்னல். பொன்னேரி வருவதற்குள் அந்த ஜன்னலுக்காக நடந்த யுத்தத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. நீங்களும் குழந்தைகளோடு ரயிலில் போனவர்கள்தாமே!

பொன்னேரியில் இறங்கிப் பஸ் ஏறினோம். வழியில் திருப்பாலைவனம். கோபுரத்தைக் கண்டதும் அம்மா பஸ்ஸுக்குள்ளிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதைத் தாண்டியதும் வயல் குறைந்து, காற்றில் உப்பு ஏறியது. உப்போடு கூடவே மீன் வாசனையும். சின்னவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மைத்துனர் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலிருந்து சிறிது தூரத்தில் மீன் அங்காடி. இறால் குவியல், வெள்ளி போன்ற மடவை, கால்கள் கட்டப்பட்டும் கோபம் அடங்காத நண்டுகள்! என் மனைவி ஒரு கூடைக்காரியின் முன் உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும்; நெற்றியில் பெரிய குங்குமம்.

"பெரிசைப் பார்த்து எடுக்காதே, கண்ணு. கையிலே தூக்கிப் பாரு. அளவுக்கு மேலே கனமா இருக்கணும். அடிவயித்தை அமுக்கினா அமுங்கக் கூடாது. அமுங்கினா உள்ளே வெறும் தண்ணிதான்" என்று பாடம் நடத்தினாள் அந்த அம்மாள். பௌர்ணமியை ஒட்டி நண்டு இளைத்திருக்கும், அமாவாசையை ஒட்டிக் கொழுத்திருக்கும் என்பது அவளுடைய சித்தாந்தம். சகோதரிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

"மத்தியானம் வந்து வாங்கிக்கொள்கிறோம், அம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தோம்.

பெரியப்பாவின் கைலி

பழவேற்காட்டை ஏதோ மீன் பிடிக்கும் சிற்றூர் என்று எண்ணிப் போகிறவர்கள் அங்கே ஏமாந்துதான் போவார்கள். விஜயநகர அரசர் காலத்திலேயே இது பெரிய துறைமுகம். போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1613-இல் அவர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டைதான், 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்கெல்லாம் தலைமையிடமாக இருந்தது. 1825-இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

இன்று கோட்டை இருந்த இடத்தில் மண்மேடும் முட்புதருந்தான். ஆனால் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அப்படியே இருக்கிறது. வாசலின் இருபுறமும் துவாரபாலகர்கள் போல இரண்டு கல் எலும்புக்கூடுகள்!

"அப்பா, இதற்கு மட்டும் ஏன் சதை இல்லை?" என்று கேட்டாள் நாலு வயதுச் சின்னவள். உள்ளே, எழுத்தும் சித்திரமும் செதுக்கிய பெரிய பெரிய கற்களுக்கு அடியில், பல ஆயிரம் கல் கடந்து வந்து ஊர் திரும்பாமற்போனவர்கள் உறங்குகிறார்கள். அவர்களுக்காக இரக்கப்படும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம், சோற்றுக்கு வழியில்லாத நம் ஜனங்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி, இதே துறையிலிருந்து கப்பலேற்றிப் பத்தேவியாவுக்கு அனுப்பியவர்களும் இவர்கள்தாம். அவர்களுக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை.

இங்கிருந்து போன சரக்குகளில் முக்கியமானது துணி. கட்டம் போட்ட பழவேற்காட்டுத் துணிக்குக் கீழ்த்திசை நாடுகளில் அவ்வளவு கிராக்கி. அதைக் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் "காயின் பெலிக்காட்" என்கிறார்கள். "பெலிக்காட்" என்பது இந்தப் பழவேற்காடுதான். இலங்கையில் "பளயகாட் சாரம்" என்பதும் இதே ஊரின் பெயரால்தான்.

நான் இதைச் சொல்லிக்கொண்டே போனபோது பெரியப்பா நின்றுவிட்டார்.

"என்னடா சொல்கிறாய்? பெலிக்காட் இந்த ஊரா?"

"ஆமாம், பெரியப்பா."

"அறுபது வருஷமாகக் கட்டுகிறேன். அது ஏதோ மலாய் வார்த்தை என்றல்லவா நினைத்திருந்தேன்!" என்றார். குனிந்து தெரு மண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் வெகுநேரம் அவர் பேசவில்லை. நாங்கள் நடந்த தெருக்களில் தறியோசை எதுவும் கேட்கவில்லை. ஆனால் பனையோலை முடையும் கைகள் ஓயவில்லை. முஸ்லிம் பெண்மணிகள் வண்ணம் ஏற்றிய ஓலையில் மூடி போட்ட பெட்டிகளும் கூடைகளும் பின்னுகிறார்கள். மூடியும் பெட்டியும் பொருந்துகிற நேர்த்தியைப் பார்க்க வேண்டுமே! என் மனைவி ஒரு பெட்டி வாங்கினாள். "தாலிச் சரடு வைக்கலாம்" என்று அவள் சொன்னாள். "ஏலக்காய் வைக்கலாம்" என்றார் அம்மா. முடிவில் அதில் என்ன வைத்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏரியில் ஒரு முறை

பாலத்தின் மேல் ஏறி நின்றோம். இருபுறமும் தண்ணீர்! ஒரிஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உப்பங்கழி இதுதான். வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டு வந்து கொட்டுகின்றன. முகத்துவாரம் வழியே கடல் உள்ளே வருகிறது. இரண்டும் கலக்கிற இடத்தில்தான் இறால் குஞ்சு வளரும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் ஏரிக்கு மூச்சு முட்டிவிடும். மீனவர் வீட்டு அடுப்புக்கும் அப்படியே. அவர்களே கூடி மணலை வெட்டி வழி விட்ட காலங்கள் உண்டு.

தூரத்தில் தண்ணீருக்கு மேலே ஓர் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தது. மைத்துனர் தொலைநோக்கியை நீட்டினார். கோடு பிரிந்து நூறு கால்களாயிற்று. பூநாரைகள்! தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக்கிச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்கின்றன. அவற்றின் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறந்தான். தின்கிற பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள சத்துத்தான் பின்னால் சிவப்பாகச் சிறகில் ஏறுகிறது. "பார்த்தாயா, சாப்பிட்டால்தான் அழகு வரும்" என்று சொல்லி, மைத்துனர் மனைவி தம் பிள்ளையின் வாயில் ஒரு கவளம் தயிர் சாதத்தைத் தள்ளிவிட்டார். பறவைகளுக்காக 1980-இல் இந்த ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதனால் இப்படிப்பட்ட உபயோகங்களும் உண்டு!

பாலத்துக்கு அருகே ஒரு பெரியவர் வலை சீர்செய்துகொண்டிருந்தார். எந்த இடத்தில் வேண்டுமானாலும் வலை கட்டலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"அது எப்படிங்க? பாடு இருக்கே!" என்றார்.

"பாடு" என்பது இந்த ஏரியின் பழைய சட்டம். இறால் அதிகம் ஓடுகிற இடங்கள் சில. குறைவாக ஓடுகிற இடங்கள் பல. நல்ல இடத்தை வலுத்தவனே எப்போதும் வளைத்துக்கொண்டால் மற்றவன் வீட்டில் உலை கொதிக்குமா? அதனால் பாடு உரிமை உள்ள குப்பங்கள் நாளை முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன; குப்பத்துக்குள்ளே யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர்மாதாக்குப்பம் என்று பரம்பரையாக வருகிற உரிமை. இன்று உனக்கு நல்ல இடம் என்றால் நாளை எனக்கு. கலெக்டரும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். என் மகன் வாயைத் திறந்துகொண்டு கேட்டான்.

ஆனால் பாட்டில் எல்லோருக்கும் பங்கு இல்லை. கரையோரச் சேற்றில் சில பெண்கள் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். இருளர் இனத்துப் பெண்கள். வலை கிடையாது, படகு கிடையாது. இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்து, பல்லால் கடித்துக்கொண்ட ஓலைப் பறியில் போட்டுக்கொள்கிறார்கள். கை இரண்டும் வேலையில் இருக்கும்போது பை எங்கே தொங்கும்? வாயில்தான். நாம் தட்டில் வைத்து "இது சின்ன இறால்" என்று முகம் சுளிக்கிறோமே, அதில் இந்தக் கைகளின் கீறல் எத்தனையோ!

"எத்தனை பேர், கண்ணு?"

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுத நேர்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

மத்தியானம் கரைக்கு வந்தபோது மைத்துனர் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார். "மாப்பிள்ளை, பேசி முடித்துவிட்டேன்! தீவுக்குப் போய் வர ஒரு மணி நேரம். பத்துப் பேருக்கும் ஒரே படகு."

குழந்தைகள் குதித்த குதியில் கூஜா உருண்டது. படகுக்காரர் சற்றுத் தள்ளி, அக்கம்பக்கம் பார்த்தபடி நின்றார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். உல்லாசப் படகுச் சவாரி இங்கே தடை செய்யப்பட்டது. தடைக்குக் காரணமான செய்தியையும் நான் அறிவேன். செய்தித் தொழிலிலேயே இருக்கிறவன் நான்.

"மச்சான், இது அனுமதி இல்லாத சமாசாரம்..." என்று இழுத்தேன்.

"ஏரிதானே, மாப்பிள்ளை! இடுப்பளவு தண்ணீர். உங்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம்."

உண்மையில் ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பெரியப்பா என்னைப் பார்த்தார். மைத்துனர் மனைவி என்னைப் பார்த்தார். நான்கு குழந்தைகளும் என்னைப் பார்த்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவர்களை முகம் வாட வைப்பதா? வாசகர்களே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நான் பர்ஸை எடுத்தேன்.

நண்டு வாங்க வந்த இடத்தில் கூடைக்கார அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேர், கண்ணு?"

"பத்துப் பேர், அம்மா."

"எல்லாம் ஒரே குடும்பமா?"

"ஆமாம்."

அவள் நண்டைக் கூடையிலேயே போட்டுவிட்டாள். "அன்னிக்கும் ஒரே குடும்பந்தான், கண்ணு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

2011-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி. கிறிஸ்துமஸ் விடுமுறை. எங்களைப் போலவே குழந்தை குட்டிகளும் உற்றாரும் உறவினருமாகக் கூடி உல்லாசமாக வந்தவர்கள், எங்களைப் போலவே எல்லோரும் ஒரே படகில் ஏறினார்கள். உயிர்காக்கும் மிதவைச் சட்டை இல்லை. படகு கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். ஆழமில்லாத ஏரி என்று பேர்; ஆனால் படகு ஓடுகிற கால்வாயிலும் முகத்துவாரத்தை ஒட்டியும் ஆழம் வேறு, இழுப்பு வேறு. நீந்தத் தெரியாத குழந்தைக்கு ஒரு மீட்டரும் கடல்தான். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப் பேரலை வந்து இந்தக் குப்பங்களை அடித்தது. ஆக, இரண்டு மார்கழிகளை இந்த ஊர் மறப்பதில்லை. மறந்துவிட்டு வருகிறவர்கள் நாம்தான்.

பர்ஸை மூடிப் பையில் வைத்தேன். "வேண்டாம், மச்சான்" என்றேன். இந்தத் தடவை இழுக்கவில்லை.

குழந்தைகள் அழுத அழுகையைச் சொல்லி முடியாது. மைத்துனர் ஒன்றும் பேசாமல் தொலைநோக்கியைத் துடைக்கத் தொடங்கினார். படகுக்காரர் மட்டும் என் அருகில் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க, சார். வலையிலே ஒண்ணும் விழாத நாளிலேதான் இதைக் கேட்கிறேன்" என்றார் தாழ்ந்த குரலில். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏரியில் மீன் குறைந்தால் மீனவன் எதை விற்பான்? ஆனால் அவருடைய வறுமைக்கு நம் குழந்தைகள் பிணை ஆக முடியாது. அம்மாவிடம் சொல்லி அவரிடமே இரண்டு கிலோ மடவை வாங்கினோம். பேரம் பேசவில்லை, பேரம் பேசாமல் அம்மா மீன் வாங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

மாலையில், குழந்தைகளுக்குக் கடற்கரையில் மணல் கோட்டை கட்டக் கொடுத்தோம். டச்சுக் கோட்டையைவிட அது உறுதியாகத்தான் இருந்தது. வடக்கே தெரிகிற திசையில் ஸ்ரீஹரிகோட்டா. "அங்கேயிருந்துதான் சந்திரயான் போயிற்று" என்று காட்டியதும் படகு மறந்துவிட்டது. சந்திரனுக்குப் போகிறவனுக்குத் தீவு எதற்கு?

நீங்கள் போவதானால்

பூநாரை பார்க்க வேண்டுமானால் மார்கழி, தை மாதங்களில் போங்கள். விடியற்காலை ரயிலில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் ஏரியைப் பார்த்துவிடுங்கள். குடிநீர், தொப்பி, தொலைநோக்கி, குழந்தைகளுக்கு மாற்று உடை, இவற்றை மறக்க வேண்டாம். செம்புரைக் கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணக் காட்சிகளைச் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். பாட்டிமார்கள் பேரப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல அதைவிட நல்ல புத்தகம் கிடையாது. ஓலைப் பெட்டியை முடைந்தவரிடமே வாங்குங்கள். பிளாஸ்டிக் பைகளை ஏரிக்குக் காணிக்கை செலுத்தாதீர்கள்.

படகு விஷயத்தில் மட்டும், வீட்டை விட்டுக் கிளம்பும்போதே "கிடையாது" என்று சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனால் கரையில் நின்றுகொண்டு, சொந்தக்காரர்கள் முன்னிலையில், என்னைப் போல் தவிக்க நேரும்.

திரும்பி வந்தபோது

பொன்னேரியில் ரயில் ஏறியதும் மறுபடியும் ஒரே ஒரு ஜன்னல். நான் பெருமூச்சு விட்டேன். ஆனால் என் மகன் என் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தான். நாலு துண்டாக்கி எண் போட்டான். அம்மாவிடம் கெஞ்சி ஓலைப் பெட்டியை வாங்கி அதற்குள் போட்டுக் குலுக்கினான்.

"பாடு!" என்றான்.

பெரியப்பா சீட்டு எடுத்துக் கொடுத்தார். மூன்று ஸ்டேஷனுக்கு ஒருவர். முதல் சீட்டு சின்னவளுக்கு. யாரும் அழவில்லை. அவளோ தன் முறை வந்த இரண்டாவது நிமிஷமே மைத்துனர் மடியில் சாய்ந்து தூங்கிப் போனாள்.

அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்த மைத்துனர், வெகுநேரத்துக்குப் பின் என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, அந்தப் படகில் ஒரு மிதவைச் சட்டைகூட இல்லை. நான் அப்போதே கவனித்தேன்."

"நானும் கவனித்தேன், மச்சான்" என்றேன்.

அதன் பிறகு இருவரும் பேசவில்லை. ரயில் பேஸின் பிரிட்ஜைத் தாண்டும்போது குழந்தைகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். நான்கு. இன்னொரு தடவையும் எண்ணினேன்.